ஆறாம் மட்டத்தில் என்ன இருக்கிறது

அக்காவின் கழுத்தை ஒலியலையால் பார்த்த முதல் ஸ்கேன் அறிக்கை பத்து வரிகளுக்குள் முடிந்துவிட்டது. தைரொயிட்டுச் சுரப்பியின் இரு மடல்களின் அளவுகள், வலது மடலின் மேற்பகுதியில் 17 மில்லிமீற்றர் அளவில் கருமையாகத் தெரியும் ஒரு கட்டி, அந்தக் கட்டிக்குள் மணல் தூவியதுபோன்ற சுண்ணாம்புப் புள்ளிகள் என்பவை அதில் இருந்தன. கழுத்தில் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களைப் பற்றி ஒரு சொல்கூட இருக்கவில்லை. கணுக்களைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை என்பதை, கணுக்களில் எதுவும் இல்லை என்று வீட்டில் எல்லோரும் வாசித்துக்கொண்டோம். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது அந்தத் தவறான வாசிப்புத்தான்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. ஆரையம்பதியில் பிறந்து, இன்று மட்டக்களப்பு நகரில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். அக்காவுக்கு அப்போது 41 வயது. ஊசி மூலம் கலங்களை எடுத்துப் பார்த்ததில் பப்பிலரி வகைத் தைரொயிட்டுப் புற்றுநோய் என்று வந்தது. இலங்கைப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது தைரொயிட்டுப் புற்றுநோய். அதில் பெரும்பகுதி இந்தப் பப்பிலரி வகை. மெதுவாக வளர்வது, பெரும்பாலோர் குணமடைவது என்ற ஆறுதலான செய்திகளை எல்லோரும் சொன்னார்கள், அவை உண்மையும்கூட. ஆனால் இந்த வகைக்கு ஒரு குணம் உண்டு. இரத்தத்தின் வழியே எலும்புக்கும் நுரையீரலுக்கும் போக விரும்பும் பொலிகுலர் வகையைப் போலன்றி, இது நிணநீர் வழியே கழுத்துக் கணுக்களுக்குப் போகும். ஆகவே கத்தி வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய பெரிய கேள்வி, எந்தெந்தக் கணுவுக்குப் போயிருக்கிறது என்பதே.

போதனா வைத்தியசாலையின் கிளினிக்கில் சத்திரசிகிச்சை நிபுணர் அந்தப் பத்து வரிகளையும் இரண்டு முறை வாசித்துவிட்டு, "கழுத்துப் பக்கங்களைப் பார்க்கவே இல்லையே தங்கச்சி, அதைப் பார்க்காமல் நான் திகதி தர மாட்டேன்" என்றார். எனக்கு அது வீண் தாமதமாகப் பட்டது. அத்தான் முகத்திலும் எரிச்சல் தெரிந்தது. இரண்டாவது ஸ்கேனைச் செய்த கதிரியல் நிபுணர் அரை மணி நேரத்துக்குக் கிட்ட எடுத்துக்கொண்டார். காதுக்குக் கீழே தாடையின் ஓரத்தில் கருவியை வைத்து, கழுத்து நாடியையும் அதன் அருகே செல்லும் பெரிய நாளத்தையும் பின்பற்றி, காறை எலும்புவரை இறங்கி, மறுபடி மேலே ஏறி, வலதும் இடதுமாக ஒவ்வொரு கணுவையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். வலது பக்கத்தின் நடுப்பகுதியில், மருத்துவர்கள் மூன்றாம் மட்டம் என்று அழைக்கும் இடத்தில், 11 மில்லிமீற்றர் அளவில் ஒரு கணு இருந்தது. நல்ல கணு அவரை விதைபோல நீண்டு, நடுவில் வெண்மையான கொழுப்புக் கோடு ஒன்றுடன் தெரியும். இது உருண்டையாக இருந்தது, அந்தக் கோடு மறைந்திருந்தது, ஒரு ஓரத்தில் நீர் கட்டிய சிறு குழியும் இருந்தது.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "நெறிதானே மனே, காலில் புண் வந்தால் தொடையில் கட்டுவதில்லையா, வத்திப்போகும்" என்றார். நெறி கட்டுதல் என்று நம் ஊரில் வழங்கும் சொல்லில் ஒரு சரியான அறிவு இருக்கிறது: எங்கோ ஒரு புண் இருந்தால் அதற்கு வழிவிடும் கணு வீங்கும். ஆனால் தொற்றினால் வீங்கிய நெறி வலிக்கும், சில நாட்களில் வற்றும். பப்பிலரி புற்றுநோய் போன கணு பெரும்பாலும் வலிப்பதில்லை, விரலுக்கும் அகப்படுவதில்லை. அக்காவின் கழுத்தைத் தடவிய எவரும் அந்தக் கணுவைக் கண்டுபிடித்திருக்கவில்லை.

ஸ்கேனில் தெரியும் அடையாளங்கள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். கணுவுக்குள் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தாலோ நீர்க்குழி தெரிந்தாலோ, தைரொயிட்டுப் புற்றுநோய் இருப்பவரிடத்தில் அது ஏறக்குறைய நிச்சயமான சாட்சி. உருண்டை வடிவமும் கொழுப்புக் கோடு மறைதலும் பலவீனமான சாட்சிகள். சாதாரணக் கணுக்களிலும் அவை காணப்படும். அக்காவின் கணுவில் வலிமையான சாட்சி ஒன்றும் பலவீனமானவை இரண்டும் சேர்ந்திருந்தன. அதனால் ஊசி போட்டார்கள். கலங்களைப் பார்த்ததோடு நிற்காமல், ஊசியை உப்பு நீரில் கழுவி, அந்த நீரில் தைரோகுளோபியூலின் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். தைரோகுளோபியூலின் தைரொயிட்டுக் கலங்கள் மட்டுமே உண்டாக்கும் புரதம். கழுத்தின் பக்கத்திலுள்ள ஒரு கணுவுக்குள் அது நிறைந்து கிடக்க வேறு நியாயமில்லை. நீர்க்குழி உள்ள கணுக்களில் ஊசிக்குக் கலங்கள் குறைவாகவே அகப்படும் என்பதால், இந்தக் கழுவு நீர்ப் பரிசோதனைக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. அக்காவின் கழுவு நீரில் அது மிக அதிகமாக இருந்தது.

அமெரிக்கத் தைரொயிட்டுச் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டியை அதன் பின்னர்தான் தேடி வாசித்தேன். இந்தப் புற்றுநோய்க்கு அறுவை செய்யப்படும் எவருக்கும் கழுத்துக் கணுக்களையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. அவ்வாறு பார்க்கும்போது 20 முதல் 31 சதவீதமானவர்களில் சந்தேகத்துக்குரிய கணு தெரிகிறது என்றும், 100 பேரில் 20 பேர்வரைக்கு அறுவையின் திட்டமே மாறுகிறது என்றும் அதில் இருக்கிறது. அக்கா அந்த 20 பேரில் ஒருத்தி. முதல் அறிக்கையை நம்பி அவசரப்பட்டிருந்தால் சுரப்பியை மட்டும் எடுத்திருப்பார்கள். பக்கக் கணு அங்கேயே இருந்திருக்கும். ஓரிரு வருடங்களின் பின், தழும்பு இறுகிய கழுத்தில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டி வந்திருக்கும். முதல் ஸ்கேன் செய்தவர்மீது எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. சுரப்பியைப் பார்க்கச் சொல்லி வந்த சீட்டுக்குச் சுரப்பியை மட்டும் பார்த்தார் என்பது இப்போது விளங்குகிறது. ஆனாலும் "கணுக்கள் பார்க்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

இனி என் தொழிலோடு தொட்ட பகுதிக்கு வருகிறேன். கழுத்துக் கணுக்களை மருத்துவர்கள் மட்டங்களாக எண்ணி வைத்திருக்கிறார்கள். இரண்டாம், மூன்றாம், நான்காம் மட்டங்கள் கழுத்தின் பக்கத்தில் பெரிய நாளத்தை ஒட்டி மேலிருந்து கீழாக வருகின்றன. ஐந்தாவது அவற்றுக்குப் பின்னால். ஆறாம் மட்டம் கழுத்தின் நடுவில், இரு கழுத்து நாடிகளுக்கும் இடையே, வாதனாளியைச் சுற்றி இருக்கிறது. பப்பிலரி புற்றுநோய் பெரும்பாலும் முதலில் போவது இந்த ஆறாம் மட்டத்துக்கு. சிலரில், குறிப்பாகக் கட்டி மடலின் மேல் நுனியில் இருக்கும்போது, நடுவைத் தாண்டி நேரே பக்கத்துக்குப் பாய்வதும் உண்டு. துயரம் என்னவென்றால், நோய் முதலில் போகும் அந்த ஆறாம் மட்டம்தான் ஸ்கேனுக்கு மிகவும் மறைந்த இடம். மேலே சுரப்பி மூடியிருக்கிறது, அருகே வாதனாளியின் காற்று ஒலியலையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, கீழ்ப்பகுதி மார்பெலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. கணுக்களும் சில மில்லிமீற்றர்கள் அளவே.

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு கணிப்பின்படி, நடுக்கழுத்தில், அதாவது ஆறாம் மட்டத்தில், உண்மையாகவே பரவல் உள்ளவர்களில் ஏறக்குறைய 33 சதவீதமானவர்களையே ஸ்கேன் இனங்காண்கிறது. பரவல் இல்லாதவர்களில் 93 சதவீதமானவர்களை இல்லை என்று சரியாகச் சொல்கிறது. பக்கக்கழுத்துக்கு அந்த எண்கள் 70, 84. இவற்றை, ஒரு புதிய தகவல் கிடைத்தபின் நிகழ்தகவு எப்படி மாறுகிறது என்று சொல்லும் பேயிசின் தேற்றத்தை வகுப்பில் படிப்பிக்கும் முறையில் கரும்பலகையில் போட்டுப் பார்த்தேன். நடுக்கழுத்தில் பரவல் இருக்கும் வாய்ப்பு 40 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 100 பேரில் 40 பேருக்குப் பரவல். அவர்களில் 13 பேரை ஸ்கேன் கண்டுபிடிக்கும், 27 பேரைத் தவறவிடும். பரவல் இல்லாத 60 பேரில் 56 பேருக்கு ஸ்கேன் சுத்தம் என்று சொல்லும். ஆக மொத்தம் 83 பேருக்குச் சுத்தம் என்று அறிக்கை கிடைக்கும். அந்த 83 பேரில் 27 பேருக்கு உண்மையில் பரவல் இருக்கும். ஸ்கேனுக்கு முன் 40 சதவீதமாக இருந்த சந்தேகம், சுத்தமான அறிக்கைக்குப் பின் 33 சதவீதமாகக் குறைகிறது. அவ்வளவுதான். அந்த அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்து வீடு திரும்பும் ஒருவர் மனத்தில் ஏற்படும் நிம்மதிக்கும், கணக்கு அனுமதிக்கும் நிம்மதிக்கும் இடையே எவ்வளவு தூரம்!

பக்கக்கழுத்தின் கணக்கு வேறு விதமாக அமைகிறது. 100 பேரில் 20 பேருக்குப் பக்கத்தில் பரவல் என்று வைத்தால், ஸ்கேன் 14 பேரைக் கண்டுபிடிக்கும். பரவல் இல்லாத 80 பேரில் 13 பேரை வீணாகச் சந்தேகிக்கும். சந்தேகிக்கப்பட்ட 27 பேரில் பாதிப்பேருக்குத்தான் நோய். ஊசி போட்டு உறுதிப்படுத்தாமல் பக்கக்கழுத்தை வெட்டித் திறக்கக்கூடாது என்று மருத்துவர்கள் ஏன் வற்புறுத்துகிறார்கள் என்பது இந்த ஒரு வரிக் கணக்கில் விளங்கிவிடும். மறுபுறம், பக்கம் சுத்தம் என்று வந்த 73 பேரில் 6 பேருக்கே பரவல் இருக்கும். கவனமாகச் செய்யப்பட்ட ஸ்கேன் பக்கத்தைப் பற்றிச் சொல்லும் "இல்லை" ஓரளவுக்கு நம்பத்தக்கது.

ஸ்கேன் கண்ணுக்குத் தெரியாத இடத்தை வேறு அடையாளங்களால் ஊகிக்க முடியுமா என்பதுதான் இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்கள் முயலும் காரியம். எளிய முறை, புள்ளி போடும் அட்டவணை: வயது குறைவா, ஆணா, கட்டி 1 சென்ரிமீற்றருக்கு மேலா, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகளா, சுரப்பியின் உறையைத் தொடுகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டினால் ஒரு நிகழ்தகவு கிடைக்கும். இளையவர்களில் கணுப்பரவல் அதிகம், ஆனால் உயிராபத்து குறைவு என்பது இந்த நோயின் விசித்திரம். நோயின் கடுமையை நிலைகளாக வகுக்க 2018இல் நடைமுறைக்கு வந்த முறையில், 55 வயதுக்குக் குறைந்தவருக்குக் கணுக்களில் எவ்வளவு பரவல் இருந்தாலும், தூர உறுப்புகளுக்குப் போகாதவரை அது முதலாம் நிலைதான். சிக்கலான முறையில், கட்டியின் ஸ்கேன் படத்தையே கணினி நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றுகிறது. மனிதக் கண் "கருமை" என்று ஒரே சொல்லில் கடந்துபோகும் இடத்தில், அது ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் பக்கத்துப் புள்ளியோடு ஒப்பிட்டு, அந்த இழைநயத்துக்கும் கணுப்பரவலுக்கும் உள்ள தொடர்பைத் தேடுகிறது. ஆழ்கற்றல் முறையில் எந்த எண்ணைத் தேட வேண்டும் என்பதையும் இயந்திரமே கற்றுக்கொள்கிறது.

இந்த முயற்சிகளை நான் மதிக்கிறேன். ஆனாலும் கணிதம் படிப்பிப்பவள் என்ற முறையில் மூன்று இடங்களில் நின்று யோசிக்கிறேன். முதலாவது, இந்த மாதிரிகளின் திறமை பெரும்பாலும் ஒரே எண்ணால் அறிவிக்கப்படுகிறது. பரவல் உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் எழுமாறாக எடுத்தால், உள்ளவருக்குக் கூடிய புள்ளியை இயந்திரம் கொடுக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே அந்த எண், 0.5 என்றால் காசு சுண்டுவதற்குச் சமம், 1 என்றால் ஒருபோதும் பிழையில்லை. இது வரிசைப்படுத்தும் திறமையை அளக்கிறதேயன்றி, இயந்திரம் 70 சதவீதம் என்று சொல்லும் 100 பேரில் உண்மையாகவே 70 பேருக்குப் பரவல் இருக்குமா என்பதை அளப்பதில்லை. கிளினிக்கில் கதிரையில் அமர்ந்திருக்கும் ஒருத்திக்கு வேண்டியது பின்னையது.

இரண்டாவது, விடை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. பரவல் இருந்ததா இல்லையா என்பதைக் கணுவை எடுத்து நுண்நோக்கியில் பார்த்தவர்களிடம்தான் அறிய முடியும். சீனாவில் நடுக்கழுத்துக் கணுக்களை முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருப்பதால், பெரும்பாலான மாதிரிகள் அங்கே பிறக்கின்றன. அந்தக் கழுத்துகளில் கற்ற இயந்திரம், வேறு நோயாளிகளும் வேறு ஸ்கேன் கருவிகளும் வேறு கைப்பழக்கமும் உள்ள மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ அதே எண்ணைச் சொன்னால், அதை நம் மக்களில் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றாவது குறைதான் என்னை மிகவும் உறுத்தியது: அறுவைக்கு முன் கணிப்பதாகச் சொல்லும் சில அட்டவணைகளில், உறைக்கு வெளியே நுண்ணிய ஊடுருவல் உண்டா, கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டிகள் வேறு உண்டா என்பவையும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை சுரப்பியை வெளியே எடுத்து வெட்டிப் பார்த்த பின்னரே தெரியவருபவை. விடைத்தாளைப் பார்த்துவிட்டு வினாவுக்குப் புள்ளி போடுவதற்கு ஒப்பானது அது. என் மாணவர்கள் அப்படிச் செய்தால் நான் ஏற்கமாட்டேன்.

இவ்வளவு சிரமம் எதற்கு, எல்லோருக்கும் எல்லாக் கணுக்களையும் எடுத்துவிட்டால் என்ன என்று அத்தான் கேட்டார். ஆறாம் மட்டத்தில் கணுக்கள் மட்டும் இல்லை. குரல்நாண்களை இயக்கும் நரம்பு இரு பக்கமும் அதற்குள்ளேயே ஓடுகிறது. இரத்தத்தில் கல்சியத்தைக் காக்கும் பராதைரொயிட்டுச் சுரப்பிகள், ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணியைச் சற்றே மிஞ்சிய அளவில், கணுக்களோடு கலந்து கிடக்கின்றன. இத்தாலியின் பீசா நகரில் நடந்து 2015இல் வெளியான ஒரு பரிசோதனையில், கணு தெரியாத 181 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சுரப்பியை மட்டும், மறு பிரிவுக்கு நடுக்கழுத்துக் கணுக்களையும் சேர்த்து எடுத்தார்கள். ஐந்து வருடங்களின் பின் நோய் நீங்கியவர்களின் அளவில் வேறுபாடு இருக்கவில்லை. நிரந்தரமாகக் கல்சியக் குறைவுக்கு ஆளானவர்கள் முதற்பிரிவில் 8 சதவீதம், இரண்டாம் பிரிவில் 19.4 சதவீதம். கைவிரல்கள் விறைத்து, வாயைச் சுற்றி எறும்பூர, வாழ்நாள் முழுவதும் மாத்திரையோடு இருப்பது சிறிய விலையல்ல. அக்கா தன் பங்குக்கு வேறொன்றைக் கேட்டார். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் முதல் குரவை எங்கள் வீதியில் அவருடையது. அந்தச் சத்தம் வருமா என்று கேட்டார். குரலின் உச்சத்தைத் தாங்கும் நரம்பு மேல் மடலுக்கு அருகே தனியாகப் போகிறது என்றும், கட்டி அந்தப் பக்கமே இருப்பதால் அதைத் தேடிக் காப்பாற்றுவது தன் கவனத்தில் இருக்கும் என்றும் நிபுணர் சொன்னார். வாக்குறுதி எதையும் கொடுக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவர்மீது நம்பிக்கை பிறந்தது.

எல்லாப் பரவலும் ஒரே பொருளுடையதல்ல என்பதையும் அவரே விளக்கினார். நுண்நோக்கியில் மட்டும் தெரியும் சிறு பரவல் பப்பிலரி நோயாளிகளில் மிகவும் சாதாரணம். தேடினால் பெரும்பாலோரிடம் கிடைக்கும் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. பாதிக்கப்பட்ட கணுக்கள் 5 வரை இருப்பவர்களில் நோய் திரும்பும் அளவு 4 சதவீதமளவு, 5ஐ மிஞ்சினால் 19 சதவீதமளவு, அறுவைக்கு முன்பே தெரியும் கணு உள்ளவர்களில் 22 சதவீதமளவு என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பரவல் உண்டா இல்லையா என்று கணிக்கும் இயந்திரத்தைவிட, 5 கணுக்களை மிஞ்சிய பரவல் யாருக்கு என்று கணிக்கும் இயந்திரமே பயனுள்ளது என்பது என் துணிவு. ஆய்வாளர் சிலர் இப்போது அந்தக் கேள்வியை நோக்கித் திரும்பியிருப்பது மகிழ்ச்சி தருகிறது.

குரல்வளைக்கு முன்னால், சுரப்பியின் நடு இணைப்புக்கு மேலே, ஒற்றைக் கணு ஒன்று உண்டு. அதற்குக் கிரேக்கத்தின் டெல்பி கோவிலில் வாக்குச் சொன்ன பூசாரிணியை நினைத்து டெல்பியன் கணு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது வீங்கியிருந்தால் உள்ளே இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் என்ற எண்ணத்தில் பிறந்த பெயர். அம்மாவிடம் இதைச் சொன்னேன். சடங்கு நாட்களில் தெய்வம் ஏறியவர் முன் கைகூப்பி நின்று வாக்குக் கேட்டு வளர்ந்தவர் அவர். "அந்தக் கணுவைப் பார்த்தார்களா?" என்றுதான் உடனே கேட்டார். பார்த்தார்கள், ஸ்கேனில் அது சாதாரணமாகவே இருந்தது.

அறுவைக்கு முந்திய கிழமை, நிபுணர் தாளில் கழுத்தொன்றை வரைந்து தன் முடிவைச் சொன்னார். வலது பக்கக் கணுக்கள் நோய் உறுதியானதால் எடுக்கப்படும். பக்கத்துக்குப் போயிருந்தால் நடுவிலும் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் வலது நடுக்கணுக்களும் எடுக்கப்படும். இடது நடுப்பகுதியை அறுவையின்போது கண்ணாலும் விரலாலும் பார்ப்பார். சந்தேகம் இல்லையென்றால் அங்குள்ள பராதைரொயிட்டுச் சுரப்பிகளுக்காக அதைத் தொடமாட்டார். எந்தக் கணினியும் இல்லாமல், கட்டியின் இடம், அளவு, வயது, உறுதியான ஒரு கணு ஆகியவற்றைக் கொண்டு அவர் செய்ததும் நிகழ்தகவுக் கணக்குத்தான்.

மூன்று கிழமைகளின் பின் நோயியல் அறிக்கை வந்தது. வலது பக்கத்தில் எடுத்த 19 கணுக்களில் 3இல் நோய். டெல்பியன் கணு சுத்தம். வலது நடுவில் எடுத்த 6 கணுக்களில் 4இல் நோய், அவற்றில் இரண்டில் 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த அளவில். கூட்டினால் 7, 5ஐ மிஞ்சிவிட்டது; அதனால் மீந்திருக்கக்கூடிய தைரொயிட்டுக் கலங்களை அழிக்கும் கதிரியக்க அயடீன் சிகிச்சைக்கு அக்கா போக வேண்டியிருந்தது. இரண்டாவது ஸ்கேன் அறிக்கையை எடுத்து, "நடுக்கழுத்தில் சந்தேகத்துக்குரிய கணு தென்படவில்லை" என்ற வரியின் ஓரத்தில் 4/6 என்று பென்சிலால் குறித்து வைத்தேன். அக்கா அதை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் சற்றுக் கரகரத்த குரலில், "அப்போ இடப்பக்கம்?" என்று கேட்டார்.

இடப்பக்கத்துக்கு ஆறு மாதத்தில் ஸ்கேன். சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று நிபுணரிடம் நானே கேட்டேன். சுரப்பி இருந்த இடம், நடுக்கழுத்து, இரு பக்கங்களும் எல்லா மட்டங்களும் என்று எழுதிக் கையொப்பமிட்டார்.